மாற்றுத்திறனாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் தடுப்பூசி: முன்னுரிமையை எப்படிக் கேட்டு வாங்குவது?

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கமும், அந்தப் பக்கம் பாகூர், புதுச்சேரி வரைக்கும், வீட்டில் ஒரு மாற்றுத்திறனாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். அம்மாவும் நானும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம். தடுப்பூசிக்காக அலைகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிக் குழப்பம்தான்: எங்கே போவது, என்ன காகிதம் கொண்டு போவது, வரிசையில் நிற்க முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, "எனக்கும் சேர்த்துப் போடுங்கள்" என்று அம்மாவோ அக்காவோ கேட்டால் அது நியாயமா இல்லையா. நியாயம்தான். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் கீழே இருக்கிறது.

முதலில் சட்டம், ஏனென்றால் கவுன்டரில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் பிரிவு 25 சுகாதாரத்தைப் பற்றியது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் மூன்று விஷயங்களைச் செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, வீட்டுக்கு அருகிலேயே, முக்கியமாகக் கிராமப்புறத்தில், இலவச மருத்துவ வசதி. அரசு மருத்துவமனை தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையில்லாமல் உள்ளே போய்வருகிற வசதி. அப்புறம், பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை. இந்த மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. பலர் கவனிக்காத ஒன்று: இந்தப் பிரிவு 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகளுக்கு வருகிற கணக்கு. "உங்க பையனுக்கு 30 பர்சென்ட்தானே போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால், பிரிவு 25-இல் அப்படி ஒரு வரம்பு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சட்டத்தில் இருந்தும் 2021-இல் என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை எங்கே சறுக்கும் என்று அதில் தெரியும். கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், 45-இல் இருந்து 59 வரை இருந்து 20 நோய் நிலைகளில் ஏதாவது ஒன்று உள்ளவர்களுக்கும் போட்டார்கள். அந்த 20-இல் தசைச்சிதைவு நோய், அறிவுசார் குறைபாடு, அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் 45 வயது ஆகியிருக்க வேண்டும். தசைச்சிதைவு வந்த பையன்களில் எத்தனை பேர் 45 வயதைப் பார்க்கிறார்கள்? அந்த ஒரு வயது வரம்பால் யாருக்கு அதிக ஆபத்தோ அவர்களே வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டில் மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளும் முன்னுரிமைப் பிரிவில் வந்தார்கள், மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிற யூடிஐடி கார்டையும் அடையாள அட்டையாக ஏற்கச் சொன்னார்கள், மே கடைசியில் வீட்டுக்கு அருகிலேயே மையம் என்று வழிகாட்டுதல் வந்தது, வீட்டுக்கே வந்து போடலாம் என்று மத்திய அரசு சொன்னது செப்டம்பரில். எல்லாம் வந்தது. ஆனால் இரண்டாவது அலை அடித்து ஓய்ந்த பிறகு வந்ததும் இருக்கிறது.

பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த 20-இல் எங்கேயும் இல்லை. பிரிட்டனில் அதே சமயம் முன்னுரிமைப் பட்டியலின் 6-ஆம் பிரிவில், வீட்டில் சம்பளம் இல்லாமல் ஒருவரைப் பராமரிக்கிறவர்களையும் சேர்த்திருந்தார்கள். செய்யக்கூடிய காரியம்தான் என்பதற்கு அது சாட்சி. நம் ஊரில் அதற்கு எழுதப்பட்ட வரி கிடையாது என்பதால், நாம் காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும், காரணமும் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

யூடிஐடி கார்டு. இன்னும் எடுக்காதவர்கள் ஸ்வாவ்லம்பன் என்கிற அரசு இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். வெள்ளைக் கோடு போட்டது 40 சதவீதத்துக்குக் குறைவு, மஞ்சள் 40-இல் இருந்து 80-க்குள், நீலம் 80-உம் அதற்கு மேலும். கார்டு வரத் தாமதமானால் விண்ணப்பப் பதிவுச் சீட்டையும் பழைய தேசிய அடையாள அட்டையையும், அதாவது புத்தகமாக வைத்திருப்போமே அதையும், காட்டுங்கள். ஆதார் வேண்டும். சக்கர நாற்காலியில் போகிறவர், படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால், எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்களோ அவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வையுங்கள். நோயின் பெயர், என்னென்ன மருந்து போகிறது, நடக்க முடியுமா, விழுங்குவதில் சிரமம் உண்டா, வலிப்பு உண்டா, ஒவ்வாமை உண்டா, தினமும் யார் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கடைசி வரியை மருத்துவர்கள் தாமாக எழுத மாட்டார்கள், கேட்டால் எழுதுவார்கள். "இவரது அன்றாடத் தேவைகள் அனைத்தையும் தாயார் கவனித்துக்கொள்கிறார்" என்று ஒரே ஒரு வரி. அம்மாவுக்கு முன்னுரிமை கேட்கும்போது உங்கள் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் பெரும்பாலும் அதுதான்.

பார்த்துக்கொள்பவர் என்பதற்கு வேறு என்ன காட்டலாம்? ஸ்மார்ட் கார்டில், அதாவது ரேஷன் கார்டில், இருவர் பெயரும் ஒரே வீட்டில் இருக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர் 18 வயதைத் தாண்டியிருந்தால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வாங்கலாம். அது கிடைத்தால் எந்த ஆபீஸிலும் உங்களை யாரென்று கேட்க மாட்டார்கள். அதற்கு நாள் ஆகும், ஆனாலும் ஒரு தடவை உட்கார்ந்து முடித்துவிட வேண்டிய வேலை.

எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனிலும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். 2015 வெள்ளத்தையும் தானே புயலையும் பார்த்த மாவட்டத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எந்த ஊசி, எங்கே

கொரோனா முகாம்கள் முடிந்துவிட்டன என்பதால் தடுப்பூசிப் பேச்சே முடிந்துவிட்டது என்று பலர் விட்டுவிட்டார்கள். இங்கேதான் எனக்கு ஆதங்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பது பெரும்பாலும் நெஞ்சுச் சளியால், நிமோனியாவால்.

குழந்தைகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இருக்கிற எல்லாமே இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். நிமோனியா ஊசியும் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது, கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. பிரச்சினை பெரிய பிள்ளைகளிடம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி ஊசியை, அதாவது டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசியை, பெரும்பாலும் பள்ளிக்கே வந்து போடுவார்கள், ஆனால் வீட்டுவழிக் கல்வியில் இருக்கிற பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும், ஊசி போட வந்தவர்கள் வகுப்பில் இருப்பவர்களுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு 10 வயது தாண்டியிருந்தால் இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம், நாம் வி.ஹெச்.என். அம்மா என்று சொல்வோமே அவரிடம், சொல்லுங்கள், போட்டுவிடலாம்.

பெரியவர்களுக்கு டிடி ஊசி 10 ஆண்டுக்கு ஒரு முறை. படுக்கைப்புண் இருக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஆறாத புண் வழியாகவும் டெட்டனஸ் வரும். இது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

ஃப்ளூ ஊசியும் பெரியவர்களுக்கான நிமோனியா ஊசியும் வழக்கமான இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரில் போட்டால் ஃப்ளூ ஊசி ஒன்றே பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும், ஆண்டுதோறும் வேறு போட வேண்டும். எல்லோருக்கும் போட முடியாத வீட்டில் யாருக்கு முதலில்? என் கருத்து, மூச்சுக்கோளாறு, விழுங்குவதில் சிரமம், தசைச்சிதைவு உள்ளவருக்கு முதலில், உடனே அடுத்து அவரைத் தூக்கி, ஊட்டி, கழுவிவிடுகிற ஆளுக்கு. ஊசி போட்டுப் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், அதனால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுவது நல்லது.

தலசீமியா, ஹீமோஃபிலியா, டயாலிசிஸ் என்று ரத்தத்தோடு புழங்குகிற வீடு என்றால் ஹெபடைடிஸ் பி ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமாக முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது; டயாலிசிஸ் செய்பவருக்கு அளவும் தவணையும் மாறலாம். ஊசி, டியூப் எல்லாம் கையாளுகிற குடும்பத்தாருக்கும் சேர்த்து.

வலிப்பு இருக்கிற பிள்ளைக்கு ஊசி போடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சில சமயம் ஆஸ்பத்திரி வாசலிலேயே யாராவது சொல்வார்கள். மருந்தால் கட்டுக்குள் இருக்கிற வலிப்பும், மூளை முடக்குவாதமும், வளர்ச்சித் தாமதமும் தடுப்பூசிக்குத் தடை இல்லை. நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிற நரம்பு நோய், கட்டுக்குள் வராத வலிப்பு என்றால் மட்டும் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். தசைச்சிதைவுக்காக ஸ்டீராய்டு அதிக அளவில் போய்க்கொண்டிருந்தால் உயிருள்ள கிருமி வகை ஊசிகளுக்கு முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆட்டிசம் தடுப்பூசியால் வருகிறது என்பது பொய். 1998-இல் அப்படிக் கிளப்பிவிட்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

தனி ஆளாகக் கேட்காதீர்கள்

வீட்டுக்கு வந்து போடச் சொல்லிக் கேட்டால் ஏன் தயங்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பல தடுப்பூசிகள் ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு உண்டான அளவில் வருகின்றன. கோவிஷீல்டு அப்படித்தான் வந்தது, திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சம் வீண். ஒரு வீட்டுக்காக ஒரு குப்பியைத் திறந்தால் ஒன்பது பேருக்கு உண்டானதைக் கீழே ஊற்ற வேண்டும். அதனால்தான் 2021-இல் வீட்டுக்கு வரக் கேட்டவர்களிடம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள். செவிலியர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை, வீணானதற்குக் கணக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இதற்கு வழி, பட்டியல். உங்கள் தெருவில், பக்கத்துக் கிராமத்தில், அதே துணை சுகாதார நிலையத்தின் கீழ் வருகிற மாற்றுத்திறனாளி வீடுகளை விசாரியுங்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கிற தாத்தா பாட்டியையும் சேருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், வயது, என்ன குறைபாடு, நடக்க முடியுமா, பார்த்துக்கொள்பவர் பெயர், போன் நம்பர், வீட்டுக்கு அடையாளம், "மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து" என்பது மாதிரி, எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் மாற்றுத்திறனாளியோடு பார்த்துக்கொள்பவரையும் ஜோடியாகவே எழுதுங்கள், தனிப் பட்டியலாக எழுதினால் இரண்டாவது தாள் காணாமல் போய்விடும். ஐந்து வீடு சேர்ந்தாலே பத்துப் பேர் ஆகிவிட்டது, ஒரு குப்பி சரியாகப் போச்சு. இப்போது செவிலியருக்கு வீணாகும் கவலை கிடையாது, ஒரே சுற்றில் முடிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் அம்மாவிடம் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுங்கள், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இன்னொரு விவரம். பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா ஊசிகளுக்கும் 4 மணி நேரக் கணக்குத்தான், அதனால் "பிள்ளைகள் சேரட்டும், புதன்கிழமை வாங்க" என்றால் அது நியாயமான பேச்சு. ஆனால் டிடி, ஹெபடைடிஸ் பி குப்பிகளைத் திறந்த பிறகும் சரியாகக் குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். அதற்கு ஆள் சேரட்டும் என்று திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. பணிவாக அதைச் சொல்லுங்கள், "சிஸ்டர், டிடிக்கு ஓப்பன் வயல் பாலிசி இருக்குல்ல?" என்று கேட்டால் போதும்.

போகிற அன்றைக்கு

முந்தின நாளே வி.ஹெச்.என். அம்மாவுக்குப் போன் செய்துவிடுங்கள். புதன்கிழமை காலையில் கைக்குழந்தைகளின் கூட்டமும் அழுகையும் இருக்கும். சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கு அது நரகம், மதியம் கூட்டம் குறைந்த பிறகு வரலாமா என்று கேளுங்கள்.

உள்ளே இறக்க முடியாதவரை வண்டியிலேயே வைத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தம்பிக்கு அப்படித்தான் போட்டார்கள். ஷேர் ஆட்டோவை வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினோம், நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோப் படியில் ஒரு காலை வைத்துக் குனிந்து, அவனிடம் பேர் கேட்டுக்கொண்டே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அரைமணி நேரமும் ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்தார். சிறப்பு ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை, அவருக்கு மனசு இருந்தது, நாங்களும் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். ஆட்டோக்காரரிடம் மட்டும் காத்திருக்கிற காசையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள்.

கையில் போட முடியாதவர்கள் உண்டு. தம்பியின் கை நெஞ்சோடு மடங்கி இறுகியிருக்கும், புது ஆளைக் கண்டால் இன்னும் இறுகும். அதை இழுத்து நீட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். தசை சுருங்கி மெலிந்துபோன கையிலும் போடக்கூடாது. தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேர்கிற இடத்தில், பெரியவர்களுக்கும் போடலாம். "தொடையில் போடுங்கள் சிஸ்டர்" என்று நீங்களே சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி லுங்கியோ தளர்ந்த பேண்டோ போட்டு அழைத்துப்போங்கள். வலிக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு மரத்துப்போகும் களிம்பை மருத்துவரிடம் எழுதி வாங்கி ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், ஹீமோஃபிலியா உள்ளவர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஹீமோஃபிலியாக்காரர்கள் ஃபேக்டர் ஏற்றின உடனே போட்டுக்கொள்வது நல்லது. முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவர்களில் பலருக்கு ரப்பர் கையுறை ஒவ்வாமை உண்டு, அதையும் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையை அன்றைக்கு ஒரு வேளைகூட விடக்கூடாது.

பெரியவராக இருந்தால் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று சொல்லியிருக்கிறது, அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. என்ன ஊசி, எதற்கு, எவ்வளவு நேரம் வலிக்கும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி, படம் காட்டியோ உங்கள் கையில் போடுவது மாதிரி நடித்துக் காட்டியோ, இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துப் போட்ட ஊசிக்குப் பிறகு அந்த ஆள் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறுவார், பல் வலிக்குக்கூடக் கூட்டிப்போக முடியாது. அன்றைக்கு முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிட்டு வேறு நாள் போங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு ஊசி

எல்லோரும் கடைசியில் வைக்கிற விஷயம் இது. நான் அப்படி வைக்க மாட்டேன். அம்மாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல் என்றால் தம்பியை இரண்டு மணிக்கொரு தரம் யார் திருப்பிப் படுக்கவைப்பது? அவனுக்குச் சோறு ஊட்டும்போது எந்த அளவுக் கவளம், எந்தச் சாய்மானம் என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன் முகக்கவசம் போட்டுக்கொள்ள மாட்டான், அவனிடமிருந்து ஆறடி தள்ளி நிற்கவும் எங்களால் முடியாது. அவனுக்கு வருகிற கிருமி எங்கள் மூலமாகத்தான் வரும். கவுன்டரில் இதை இப்படியே சொல்லுங்கள்: "இவங்களைப் பார்த்துக்க வேற ஆள் இல்லை சார், நான் படுத்தால் இவங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும், ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் சீட்டு போட்டுடுங்க." சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

ஒரே நாளில் சீட்டு கேட்கச் சொன்னது இரண்டாவது தடவை அலையாமல் இருக்கத்தான். அலைச்சல் பெரிய சிரமம் இல்லை என்கிறவர்கள் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்பவர் முதலில், மூன்று நாலு நாள் கழித்து மாற்றுத்திறனாளி. ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், தூக்கி இறக்குகிறவரும் படுத்திருப்பவரும் ஒன்றாக அவதிப்பட வேண்டாம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேர் என்றால் அவர்களும் ஒரே நாளில் போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற பாரசிட்டமாலை மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாதவருக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது, சாப்பிட மறுப்பது, வழக்கத்துக்கு மாறாக இறுகுவது, ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முகம் சுளிப்பது இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், முகம் வீங்கினால், வலிப்பு வந்தால் யோசிக்காமல் 108.

நாய்க்கடி

தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் தெருக்களில் நாய்த் தொல்லை தெரியும், ஊன்றுகோலைக் கண்டாலும் சக்கர நாற்காலியைக் கண்டாலும் துரத்துகிற நாய்கள் உண்டு. பேசத் தெரியாத, சொல்லத் தெரியாத பிள்ளை கடிபட்டு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும். வெளியே போய்வந்த பிள்ளையின் கால், கை, முதுகை ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வையுங்கள். கீறல் இருந்தால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம், அன்றைக்கே அரசு மருத்துவமனை. வெறிநாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள் (முதல் ஊசி போடுகிற நாள்தான் 0), அரசில் இலவசம். ரத்தம் வந்த கடி என்றால், உடனடிப் பாதுகாப்பு தருகிற இம்யூனோகுளோபுலின் மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும், அவருக்கு முறை வேறு, தசையில் போடுவார்கள். நான்கு நாளும் வரிசையில் நிற்கவைக்காதீர்கள் என்பதற்குப் பிரிவு 25-ஐ இங்கே தயங்காமல் சொல்லலாம், இது தள்ளிப்போடுகிற ஊசி இல்லை.

புதுச்சேரிப் பக்கம்

கடலூர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பெரிய வைத்தியம் என்றால் கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மர்தான். யூடிஐடி கார்டு நாடு முழுவதும் செல்லும், 2016 சட்டம் யூனியன் பிரதேசத்துக்கும் பொருந்தும், ஆதாரில் கடலூர் முகவரி இருக்கிறது என்பதற்காக முன்னுரிமை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில், வழக்கமான ஊசிகளை உங்கள் சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், பதிவும் தொடர்ச்சியும் அங்கேதான் இருக்கும். ஜிப்மருக்கு எப்படியும் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், எந்த ஊசி வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கே இருக்கிற மருத்துவரிடம் எழுதி வாங்கி வந்து இங்கே காட்டுங்கள். சிறப்பு மருத்துவரின் கையெழுத்து இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரும் தயங்க மாட்டார்கள்.

மறுத்தால்

வாய்ச் சண்டை வேண்டாம். யார் மறுத்தது, எந்தத் தேதி, என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டு, முதலில் அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். பாதி அங்கேயே முடியும். முடியாவிட்டால் வட்டார மருத்துவ அலுவலர், அப்புறம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள். போக முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்து முதல்வரின் முகவரியில் பதியலாம். மனுவை நீட்டாதீர்கள். இவ்வளவு போதும்:

"ஐயா, எனது தம்பி, வயது இத்தனை, யூடிஐடி எண் இது. மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாதவர். அவரது அனைத்துத் தேவைகளையும் நானும் என் தாயாரும் கவனித்து வருகிறோம். இன்ன தேதியில் இன்ன நிலையத்தில் இன்ன தடுப்பூசி கேட்டு, இன்ன காரணம் சொல்லி மறுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 25-இன்படி அவருக்கு முன்னுரிமை அளித்து வீட்டிலோ அருகில் உள்ள நிலையத்திலோ தடுப்பூசி செலுத்தவும், அவரைப் பராமரிக்கும் எங்கள் இருவருக்கும் அதே நேரத்தில் செலுத்தவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் பகுதியில் இதே நிலையில் உள்ளவர்களின் பட்டியலை இணைத்துள்ளேன்."

அந்தப் பட்டியல்தான் மனுவுக்குப் பலம், அதை இணைக்க மறக்காதீர்கள். மனுவோடு யூடிஐடி ஜெராக்ஸ், மருத்துவர் கடிதத்தின் ஜெராக்ஸ் வையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அந்தச் சீட்டில் இருக்கிற எண்ணைச் சொல்லி, மனு எந்த அலுவலருக்குப் போயிருக்கிறது என்று கேட்டு, அவரிடமே நேராகப் போய்ப் பேசுங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால் அதே மனுவை, ஒப்புகைச் சீட்டின் ஜெராக்ஸோடு, சென்னையில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.